தபால் அட்டை வாத்தியார்

வல்லிக்கண்ணனைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் வரும். ஒன்று, "எவ்வளவு நல்ல மனுஷன்!" இன்னொன்று, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "ஆனா எல்லாரையும் பாராட்டிடுவாரு." முதல் வாக்கியம் மனிதருக்கு மாலை. இரண்டாவது, விமர்சகருக்குக் குட்டு. இரண்டையும் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிட்டது. அந்தக் குட்டு எவ்வளவு தூரம் நியாயம் என்று பார்ப்பதுதான் இந்தக் குறிப்பின் வேலை.

முதலில் ஆளைச் சுருக்கமாக அறிமுகம் செய்துவிடுகிறேன். இயற்பெயர் ரா.சு. கிருஷ்ணசுவாமி. பிறந்தது 1920 நவம்பர் 12, திருநெல்வேலிப் பக்கத்து ராஜவல்லிபுரம். வேளாண்மைத் துறையில் கிடைத்த அரசாங்க குமாஸ்தா வேலையை, எழுதுவதற்காகவே உதறியவர். 1940-களில் அரசாங்க வேலையை விடுவது என்றால் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். பிறகு புதுக்கோட்டை 'திருமகள்', கோயம்புத்தூர் 'சினிமா உலகம்', சென்னை 'நவசக்தி', துறையூர் 'கிராம ஊழியன்', மறுபடி சென்னையில் 'ஹனுமான்' என்று பத்திரிகை பத்திரிகையாக வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 2006 நவம்பர் 9-ல் சென்னையில் இறந்தார்.

இந்தப் பட்டியலில் துறையூரில் கொஞ்சம் நிற்க வேண்டும். எங்கள் அரியமங்கலத்திலிருந்து சத்திரம் பேருந்து நிலையம் போய் அங்கே இன்னொரு பஸ் ஏறினால் துறையூர். இன்றைக்கு அந்த ஊரை இலக்கியத்தோடு சேர்த்து யாரும் நினைப்பதில்லை. 1943-ல் கு.ப. ராஜகோபாலன் 'கிராம ஊழியன்' பத்திரிகையை ஏற்று, அதுவரை அரசியல் பேசிக்கொண்டிருந்த இதழை மறுமலர்ச்சி இலக்கிய இதழாக மாற்றினார். திருச்சியில் அப்போது சாலிவாஹனன் நடத்திய 'கலாமோகினி' வேறு வந்துகொண்டிருந்தது. 'மணிக்கொடி' நின்றுபோன பிறகு, வசனகவிதைக்கும் புதிய சிறுகதைக்கும் ஒதுங்க இடம் கொடுத்தவை இந்த இரண்டு திருச்சி ஜில்லாப் பத்திரிகைகள். 1944 ஏப்ரலில் கு.ப.ரா. காலமானார். அந்த ஆண்டு 'கிராம ஊழிய'னில் வந்து சேர்ந்த வல்லிக்கண்ணனுக்கு வயசு 23. 1947-ல் இதழ் நிற்கும் வரை சுமந்தவர் அவர்.

சிறுபத்திரிகை ஆசிரியர் என்பது பந்தாவான பதவி கிடையாது. பக்கம் நிரம்பவில்லை என்றால் தானே நாலு பெயரில் எழுதி நிரப்ப வேண்டும். வந்த கதையைத் திருத்த வேண்டும், அச்சுப்பிழை பார்க்க வேண்டும், எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுதாமல் இருப்பவர்களுக்கு ஞாபகப்படுத்திக் கடிதம் போட வேண்டும். சன்மானம் கொடுக்க வழியில்லாத பத்திரிகையாசிரியர் கையில் இருப்பது ஒரே ஒரு நாணயம்தான்: "உங்கள் கதை நன்றாக இருக்கிறது, அடுத்ததை அனுப்புங்கள்." வல்லிக்கண்ணனின் பாராட்டும் பழக்கத்துக்கு மூலம் அவருடைய சுபாவம் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். பாதி மூலம் இந்தத் தொழில் என்பது என் எண்ணம். எழுதுகிற கை நின்றுவிட்டால் பத்திரிகை நின்றுவிடும் என்று துறையூரில் மாசாமாசம் பார்த்தவர் அவர்.

"சரிங்க, ஆனா அவருக்குத் திட்டவே தெரியாதே" என்பார்கள். இங்கேதான் நம் ஞாபகம் நம்மை ஏமாற்றுகிறது. கோரநாதன் என்ற பெயரிலும் நையாண்டி பாரதி என்ற பெயரிலும் எழுதியவர் இதே ஆள்தான். 'கோயில்களை மூடுங்கள்!', 'எப்படி உருப்படும்?', 'கொடு கல்தா' என்றெல்லாம் தலைப்பு வைத்துச் சின்னச் சின்னப் புத்தகங்கள் போட்டவர். தலைப்பைப் பார்த்தாலே தெரியும், இது சாதுவான பேனா இல்லை. ஆக, கடிக்கத் தெரியாத மனிதர் என்ற சித்திரம் தவறு. யாரைக் கடிப்பது, யாரை விடுவது என்பதில் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. நிலைத்துப்போன அமைப்புகள், ஊர் கொண்டாடும் போலித்தனங்கள் என்றால் கோரநாதன் வருவார். முதல் கதையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நிற்கும் பையன் என்றால் வல்லிக்கண்ணன் வருவார். நம் இலக்கிய உலகில் பெரும்பாலும் இது தலைகீழாகத்தானே நடக்கிறது? பெரியவருக்குப் பொன்னாடை, சின்னவனுக்குக் குட்டு.

அடுத்தது கடிதம். சிறுபத்திரிகை வந்தால் படித்துக் கருத்து எழுதுவது, புத்தகம் வந்தால் பதில் போடுவது, முகம் தெரியாத இளைஞர் கடிதம் எழுதினாலும் அதே மரியாதையோடு பதில் எழுதுவது. இதைப் பல பத்தாண்டுகள் செய்தார். திருநெல்வேலிக்காரரான அவருடைய நண்பர் தி.க.சி.யும் இதே ரகம். ஒரு தபால் அட்டையில் எவ்வளவு எழுத முடியும்? பொடி எழுத்தில் எழுதினால் இருபது வரி. அந்த இருபது வரியில் இலக்கணம் சொல்லித்தர முடியாது, கதைக் கட்டுமானத்தை விளக்க முடியாது. முடிந்தது ஒன்றே ஒன்று: "உன்னை ஒருவர் படித்திருக்கிறார்" என்று சாட்சி சொல்வது. மதுரைக்குத் தெற்கே ஏதோ ஒரு கிராமத்தில், எழுதுகிறோம் என்பதையே வீட்டில் மறைத்து எழுதிக்கொண்டிருந்த பையனுக்கு, சென்னையிலிருந்து சாகித்ய அகாதெமி விருது வாங்கிய ஒருவரின் அட்டை, தெருவில் எல்லார் கண்ணிலும் பட்டு, தபால்காரர் கையால் வந்து சேருகிறது. அட்டை மூடிய உறை இல்லை என்பதே இங்கே முக்கியம். வீட்டில் உள்ளவர்களும் படிப்பார்கள். இன்றைக்கு இளைஞர் ஆலோசனை, கவுன்சலிங் என்று சொல்கிறோமே, அதில் பாதி வேலையை 15 காசு அட்டை செய்திருக்கிறது.

ஆனால் எழுதக் கற்றுக்கொடுப்பது என்பது இவ்வளவுதானா? இல்லை. அதே காலத்தில் வேறு வாத்தியார்களும் இருந்தார்கள், அவர்களோடு வைத்துப் பார்த்தால்தான் அளவு தெரியும்.

சி.சு. செல்லப்பா ஒருவர். 1959 முதல் 1970 வரை 'எழுத்து' நடத்தினார். அது விமர்சனத்துக்கென்றே வந்த ஏடு. அவருடைய வகுப்பில் பாராட்டு ரேஷன் மாதிரி, அளந்துதான் கிடைக்கும். திருகோணமலையிலிருந்து எழுதிய தருமு சிவராமு, விமர்சனத்தோடு நுழைந்த வெங்கட் சாமிநாதன் போன்றவர்கள் அங்கே எழுதித்தான் பெயர் பெற்றார்கள். கறாரான வாத்தியார், நல்ல மாணவனை இன்னும் நல்லவனாக்குவார். தயங்குகிறவன் அந்த வாசல்படியை மிதிக்கவே யோசிப்பான்.

ரா.கி. ரங்கராஜன் இன்னொருவர். 'குமுதம்' ஆசிரியர் குழுவில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர். ஏகப்பட்ட புனைபெயர்களில் எழுதியவர். கதை எழுதுவதைத் தபால் வழிப் பயிற்சியாகவே நடத்தி, 'எப்படிக் கதை எழுதுவது?' என்று புத்தகமும் போட்டார். அவரிடம் கிடைத்தது தொழில்: எங்கே தொடங்குவது, எங்கே திருப்புவது, எங்கே நிறுத்துவது. தச்சுப்பட்டறை மாதிரி. உளியைப் பிடிக்கக் கற்றுத்தருவார். எந்த மரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது உங்கள் பாடு.

மூன்றாவது நம்ம ஸ்ரீரங்கத்து சுஜாதா. 'கணையாழி'யின் கடைசிப் பக்கத்திலும் பிறகு வெகுஜனப் பத்திரிகைப் பத்திகளிலும் புதுக் கவிஞர்களைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினார். அவர் கொடுத்தது வெளிச்சம். ஒரு வரி எழுதினால் போதும், தமிழ்நாடு முழுக்கத் தெரிந்துவிடும். ஆனால் வெளிச்சம் விழுவது ஏற்கெனவே நன்றாக எழுதிவிட்டவர்மேல்தான்.

கறார், தொழில், வெளிச்சம். இந்த மூன்றும் எழுத ஆரம்பித்தவனுக்கு வேண்டியவை. வல்லிக்கண்ணன் கொடுத்தது இவற்றுக்கெல்லாம் முந்தையது: நிறுத்தாமல் இருக்க ஒரு காரணம். முந்தையது என்பதால் உயர்ந்தது என்று சொல்ல வரவில்லை. முந்தையது, அவ்வளவுதான். அஸ்திவாரத்தைப் பார்த்து "இதிலே ஜன்னலே இல்லையே" என்று குறை சொல்வதில் அர்த்தமில்லை.

இது எனக்கு ஏட்டுப் பிரச்சினை இல்லை. இங்கே தஞ்சாவூர் சாலைப் பக்கம் படிக்கிற, வேலை பார்க்கிற பிள்ளைகள் சிலர் எழுதியதைக் கொண்டுவந்து காட்டுவதுண்டு. பாலிடெக்னிக் படித்த ஒரு பெண், அரியமங்கலம் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தால் வீட்டுக்குள் புகை வருவதைப் பற்றி மூன்று பக்கம் எழுதிவந்தாள். ஒரு பயிலரங்கில் அதை வாசித்தபோது, "இது கதையே இல்லையேம்மா, புகார் மனு" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்களாம். சொன்னது தப்பு என்று சொல்ல மாட்டேன், அது கதையாகத் திரளவில்லைதான். ஆனால் இரண்டாவது பக்கத்தில், கொடியில் காயும் பள்ளிக்கூட யூனிஃபார்மை அம்மா எடுத்து மோந்து பார்த்துவிட்டு மறுபடி தண்ணீரில் போடும் ஓர் இடம் இருந்தது. அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. "அக்கா, அதுக்கப்புறம் எழுதலை" என்றாள். கறாரான தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். அதைக் கேட்ட பிறகு அடுத்த பக்கம் எழுதப்படாது என்றால் அந்தத் தீர்ப்பால் யாருக்கு என்ன லாபம்? அந்த ஒற்றை இடத்தைக் கண்டுபிடித்து அட்டையில் எழுதி அனுப்ப ஒருவர் வேண்டும். அதைத்தான் வல்லிக்கண்ணன் செய்தார்.

இவ்வளவும் சொன்ன பிறகு, குட்டு நியாயமாக விழும் இடத்தையும் சொல்லியாக வேண்டும். அது அவருடைய கடிதங்களில் இல்லை. அணிந்துரைகளிலும் மதிப்புரைகளிலும் இருக்கிறது. கடிதத்தில் இரண்டே பேர், எழுதியவரும் பெறுபவரும். அங்கே குறையை விட்டு நிறையை மட்டும் சொல்வது ஒரு வைத்திய முறை. அணிந்துரையில் மூன்றாவதாக ஒருவர் நிற்கிறார்: காசு கொடுத்துப் புத்தகம் வாங்குகிற வாசகர். கடிதத்தின் மொழியை அப்படியே அணிந்துரைக்குக் கொண்டுவந்தால் அந்த மூன்றாவது ஆளுக்கு அநியாயம். வல்லிக்கண்ணன் இந்த எல்லையைப் பல நேரம் கவனிக்கவில்லை என்பதே என் வாசிப்பு. சுமாரான தொகுப்புகள் பலவற்றின் முகப்பில் அவர் பெயர் இருக்கிறது. 'நல்ல முயற்சி', 'நம்பிக்கை தருகிறார்' போன்ற சொற்கள் அடுத்தடுத்து வரும்போது எடை இழந்துவிடுகின்றன. எல்லாருக்கும் ஒரே மதிப்பெண் போட்டால், நிஜமாகவே நன்றாக எழுதியவருக்குத்தான் முதல் நஷ்டம்.

வேடிக்கை என்னவென்றால், இதே பழக்கம்தான் அவருடைய முக்கியமான நூலுக்குப் பலமாகவும் அமைந்தது. 'புதுக்கவிதையின் தோற்றமும் வளர்ச்சியும்' முதலில் நா. பார்த்தசாரதியின் 'தீபம்' இதழில் தொடராக வந்தது. 1978-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. அதைக் கூரான விமர்சன நூலாக எதிர்பார்த்து எடுத்தால் ஏமாற்றம்தான். யார் பெரிய கவிஞர், ஏன் என்ற தீர்ப்பு அதில் குறைவு. பத்திரிகை பத்திரிகையாக, 'மணிக்கொடி', 'கலாமோகினி', 'கிராம ஊழியன்', 'எழுத்து', 'கசடதபற', 'வானம்பாடி' என்று நடந்துபோகிறார். எதிரெதிர் முகாம்கள் இரண்டுக்கும் பக்கம் ஒதுக்குகிறார். தெரிந்த பெயர்களோடு மறந்துபோன பெயர்களும் வருகின்றன. கறாரான விமர்சகர் இதை எழுதியிருந்தால் பாதிப் பேரை வாசலிலேயே நிறுத்தியிருப்பார், நமக்கு அந்தக் காலத்தின் வரைபடம் கிடைத்திருக்காது. 'சரஸ்வதி காலம்', 'தமிழில் சிறுபத்திரிகைகள்' போன்ற நூல்களிலும் இதே குணம். யாரையும் ஒதுக்காத மனசு மதிப்புரைக்குக் கெடுதல், வரலாற்றுக்கு வரம். ஆய்வு மாணவர்கள் இன்றைக்கும் அவரைத் தேடிப் போவது இதற்காகத்தான்.

ஆக, "எல்லாரையும் பாராட்டிடுவாரு" என்ற குட்டை நான் இப்படிப் பிரித்து வைக்கிறேன். அணிந்துரை எழுதிய வல்லிக்கண்ணனுக்கு அது பொருந்தும். வரலாறு எழுதியவருக்குப் பாதிகூடப் பொருந்தாது. அட்டை எழுதியவருக்குச் சுத்தமாகப் பொருந்தாது. பத்திரிகையாசிரியர், ஆலோசகர், வாத்தியார் என்று மூன்று வேலையையும் ஒரே பேனாவால் பார்த்தவர் அவர். எந்த வேலை எங்கே முடிகிறது என்று கோடு போட்டுக்கொள்ளாததுதான் அவருடைய குறை.

அவரைப் படிக்காதவர்கள் அந்த விருது நூலிலிருந்து தொடங்கலாம். கூடவே ஒரு கோரநாதனும் கிடைத்தால் விடாதீர்கள். சாதுவான ஆள் என்ற எண்ணம் நாலு பக்கத்தில் போய்விடும். அப்புறம், யாராவது சின்னப் பிள்ளை எழுதியதைக் காட்டினால், தீர்ப்பைக் கொஞ்சம் ஒத்திப்போட்டு, நன்றாக வந்திருக்கும் அந்த ஒரு வரியை முதலில் தேடிச் சொல்லுங்கள். அதற்கு ஒரு தபால் அட்டை போதும்.