பெயர் முந்தினால்

ஒரு கவிதையைப் படிக்குமுன் நாம் பார்ப்பது கவிஞரின் பெயரை. புகழ்பெற்ற பெயராயின் பாராட்டு முன்னமே ஆயத்தமாகிவிடுகிறது. அறியாத பெயராயின் குறை காணக் கண் கூர்மையாகிவிடுகிறது. கவிதை வாய் திறக்குமுன்னரே தீர்ப்பு முடிந்துவிடுகிறது.

இவ்வழக்கத்தைச் சோதித்த நூல், ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் 1929இல் வெளியிட்ட 'பிராக்டிகல் கிரிட்டிசிசம்'. கேம்பிரிட்ஜில் தம் வகுப்புக்கு வந்தோரிடம் அவர் கவிதைகளை ஆசிரியர் பெயரின்றி அச்சிட்டுக் கொடுத்தார். ஒரு வார அவகாசம் தந்து கருத்தெழுதச் சொன்னார். நூலில் இடம்பெற்றவை 13 கவிதைகள். ஜான் டன், ஹாப்கின்ஸ் போன்றோரின் பாடல்களையே பலர் குறைகூறித் தள்ளினர்.

பெயரை மறைத்தால் நடுநிலை பிறந்துவிடும் என்பதன்று இந்நூல் தரும் பாடம். பழகிப்போன உணர்ச்சி, சொந்த நினைவு, சமயக் கொள்கை, யாப்பைப் பற்றிய முன்கருத்து ஆகியவை பெயர் விட்டுச்சென்ற இடத்தில் வந்தமர்ந்தன. ரிச்சர்ட்ஸே இவற்றை வகைப்படுத்திக் காட்டுகிறார்.

முந்தி வருவதன் வலிமையை உளவியலறிஞர் சாலமன் ஆஷ் 1946இல் விளக்கினார். ஒருவரின் பண்புகளாக ஆறு சொற்களை அவர் படித்துக் காட்டினார். 'அறிவாளி' என்று தொடங்கிப் 'பொறாமைக்காரர்' என்று முடித்தபோது அம்மனிதர் நல்லவராகத் தோன்றினார். அதே சொற்களைத் தலைகீழாக வாசித்தபோது மதிப்புக் குறைந்தது. மாறியது வரிசை மட்டுமே!

எனினும், பெயரை அறவே நீக்குவதில் நமக்கு உடன்பாடில்லை. பெயர் திரை மட்டுமன்று, விளக்குமாகும். குணங்குடி மஸ்தான் சாகிபின் 'மனோன்மணிக் கண்ணி'யைப் பெயரறியாது படிப்பவர் வெறும் காதற்பாட்டென எண்ணக்கூடும். அதிலுள்ள இறைக்காதல் அவருக்கு எட்டாது. பெயரை முதலில் கண்டவரோ, 'இஸ்லாமிய இலக்கியம்' என ஒதுக்கிவைத்து, படியாமலே நகரக்கூடும். தமிழ்ச் செல்வமொன்றை இருவருமே இழக்கின்றனர்.

ஆகவே வேண்டுவது வரிசை மாற்றம். நம் இல்லங்களில் பிள்ளைகளுக்கு முதலில் பாடலைப் படித்துக் காட்டுவோம். அவர்கள் கருத்தைக் கேட்போம். பின்னர்ப் புலவரின் பெயரும் காலமும் மரபும் கூறி, மீண்டும் படிக்கச் செய்வோம். முதலில் சொன்னதை அவர்கள் மாற்றிக்கொள்ள விரும்பினால் தடுக்க வேண்டா. திறனாய்வு அங்கேதான் தொடங்குகிறது.