லேசர் நிறமாலையியலும் இழைக்கலவைக் கழிவும்

லேசர் நிறமாலையியல் என்பது லேசர் ஒளி பட்ட பொருளிலிருந்து வரும் ஒளியைப் பகுத்து அப்பொருளை அறியும் முறையாகும். ஓய்வுபெற்ற விமானங்களைப் பிரிக்கையில் கலப்புப் பொருள்களை இனங்காண இது உதவும். போயிங் 787 விமானத்தின் எடையில் சுமார் 50% கலப்புப் பொருளாகும். விலைமிக்க கார்பன் இழையைக் கண்ணாடி இழையிலிருந்து பிரித்தால்தான் மீட்பது பயன்தரும்.

விமர்சனம்

மேற்பூச்சு அகற்றப்படாவிடில் முதலில் பூச்சின் நிறமாலையே கிடைக்கும். இதைவிடப் பெரிய குறை, இனங்கண்டதும் சிக்கல் தீர்ந்தது எனக் கருதுவதாகும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கடலூர், சிதம்பரம் பகுதிக் கடலோரத்தில் ஃபைபர் படகுகள் பெருகின. இவை பெரும்பாலும் கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் பிசினும் சேர்ந்தவை என்பதை அறிய லேசர் தேவையில்லை. ஆயினும் இறுகிய பிசின் மீண்டும் உருகாது. எரித்தால் நச்சுப்புகை எழும். கண்ணாடி இழை மலிவானதால் மீட்புச் செலவுக்குக் கட்டுப்படியாகாது. பழைய கட்டுமரம் விறகுக்காவது ஆகும். உடைந்த ஃபைபர் படகு கரையிலேயே கிடக்கும்.

எனவே மீட்ட இழைக்கு வாங்குவோர் உள்ள இடத்தில்தான் இக்கருவி பயன்படும். படகுகளுக்கு முதலில் தேவைப்படுவது, பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பை விற்பவரிடம் சேர்க்கும் ஏற்பாடு.