மையும் முகமும்

நாஞ்சில் நாட்டில் எந்தப் பழைய வீட்டுக்குள் நுழைந்தாலும் கூடத்துச் சுவரில் இறந்துபோனவர்களின் படங்கள் வரிசையாகத் தொங்குவதைப் பார்க்கலாம். அவற்றைக் கலைப்பொருள்கள் என்று யாரும் நினைப்பதில்லை. சந்தனம் தொட்டு வைக்கிறார்கள், ஆடி அமாவாசைக்குத் துடைக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் ஒரு ஜனக்கூட்டம் தன் முகத்தைப் பற்றி உள்ளூர என்ன நினைக்கிறது என்பதற்கு இந்தச் சுவர்களைவிட நம்பகமான சாட்சியம் கிடையாது என்பது என் அபிப்பிராயம்.

என் ஆச்சியின் படம் ஒன்று எங்களிடம் உண்டு. காதில் பாம்படம், வெள்ளைச் சேலை, நல்ல கறுப்பு முகம். ஈரம் ஏறி ஓரங்களில் பூஞ்சை படர்ந்துவிட்டதால், சில வருஷங்களுக்கு முன் அதைப் புதிதாக அச்சிடக் கொடுத்தேன். திரும்பி வந்த படத்தில் பாம்படம் இருந்தது, சேலை இருந்தது, ஆச்சி இல்லை. பவுடர் பூசிய யாரோ ஒரு ஸ்திரீ உட்கார்ந்திருந்தாள். கடையிலிருந்த தம்பி எந்தக் கூச்சமும் இல்லாமல் சொன்னார்: “கொஞ்சம் வெளுப்பாக்கி வச்சிருக்கேன் அண்ணாச்சி. அப்பிடியே அடிச்சா முகம் கரிக்கட்ட மாதிரி ஆயிரும், பாத்துக்கிடுங்க.”

வெளுப்பாக்காமல் ஒன்று அடித்துத் தரச் சொன்னேன். அவர் சொன்னது வாஸ்தவம்தான். கண்ணின் வெள்ளை இரண்டு புள்ளிகளாக மிஞ்ச, நெற்றியும் கன்னமும் மோவாயும் ஒரே மைக்குட்டையாகிவிட்டிருந்தன. டியூப் லைட்டின் கீழ் படம் பச்சை காட்டியது. ஜன்னலோரம் கொண்டுபோனால் லேசான ரோஸ்.

இரண்டு படங்களும் இரண்டு விதமான பொய்கள். ஒன்று நம் ஆசையின் பொய். மற்றது இயந்திரத்தின் பொய். முதலாவதைப் பற்றி நம் எழுத்தாளர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். இரண்டாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இயந்திரம் பொய் சொல்லாது என்ற மூடநம்பிக்கைதான் காரணம்.

இங்க்ஜெட் பிரிண்டர் சாம்பல் நிறத்தைக் காகிதத்தில் வைப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத மைப்புள்ளிகளைத் தெளிக்கிறது. நெருக்கமாகத் தெளித்தால் கறுப்பு, இடைவெளி விட்டால் சாம்பல். புள்ளி காகிதத்தில் விழுந்ததும் கொஞ்சம் பரவும். எனவே பாதி மை தெளித்தால் பாதிக் கறுப்பு வருவதில்லை, அதைவிடக் கூடுதலாக வரும். எவ்வளவு கூடுதல் என்பது காகிதத்துக்குக் காகிதம், மைக்கு மை மாறும். வண்ணப் படத்துக்கான முறையில் அச்சிட்டால், சாம்பலை உண்டாக்க நீலம், சிவப்பு, மஞ்சள் மைகளையும் இயந்திரம் கலந்துகொள்கிறது. அந்தக் கலவை வெளிச்சத்துக்கு வெளிச்சம் வேறு முகம் காட்டும். ஆச்சி பச்சையானதும் ரோஸானதும் இப்படித்தான்.

இந்த மைக்கு, இந்தக் காகிதத்தில், இவ்வளவு கறுப்பு வேண்டுமென்றால் இவ்வளவு தெளி என்று இயந்திரத்துக்கு எழுதிக் கொடுக்கும் கணக்குக்குத்தான் புரொஃபைல் என்று பெயர். பிரிண்டரோடு வரும் புரொஃபைல் கம்பெனி தன் சொந்த மைக்கும் சொந்தக் காகிதத்துக்கும் போட்ட கணக்கு. கிடைத்த காகிதத்தையும் விலை மலிந்த மையையும் போட்டுவிட்டு அந்தக் கணக்கையே நம்பி அச்சிடுகிறவர், அடுத்த வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேப்பர் படிக்கிறவர் மாதிரி.

அந்தக் கணக்கு பிசகும்போது முதலில் அடிபடுவது நிழற்பகுதி. வெளிர்ந்த பகுதியில் பிசகு வந்தால் கண் மன்னித்துவிடும். கரும்பகுதியில் வந்தால் தனித்தனியாக நிற்க வேண்டிய நான்கைந்து படிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நம் ஜனங்களின் முகங்கள் பெரும்பாலும் இருப்பது அந்தப் படிகளில்தான். வெள்ளைக்காரர் முகத்துக்கு இந்த ஆபத்து குறைவு. வண்ணப்படக் காலத்தில் கோடாக் கம்பெனி, அச்சுக்கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்க ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை அட்டையாக அனுப்பிவந்தது. ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. பல இனத்துப் பெண்கள் சேர்ந்திருக்கும் அட்டை வருவதற்கு 1990கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அளவுகோலில் யார் முகம் இருக்கிறது என்பது சின்ன விஷயமல்ல.

பழைய ஸ்டூடியோக்காரர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். இருந்தது. உதகமண்டலத்தில் 1960ல் தொடங்கி, 1967ல் உற்பத்தியை ஆரம்பித்து, பின்னால் மூடப்பட்டுவிட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ சரக்கை வைத்துக்கொண்டு இருட்டறையில் நின்றவர்கள், எந்த நெகடிவுக்கு எந்த கிரேடு காகிதம் என்று விரல்நுனியில் அறிந்திருந்தார்கள். முகம் அதிகம் கறுக்கும் என்று தோன்றினால் உள்ளங்கையால் வெளிச்சத்தை இரண்டு விநாடி மறைப்பார்கள். அந்தக் கைதான் அவர்களுடைய புரொஃபைல். கை போய்விட்டது, அதன் இடத்தில் எண் வந்திருக்கிறது. எண்ணைப் பார்த்து முகம் சுளிக்கும் ரசிகர்களை நான் அறிவேன். எண்ணும் இல்லாமல், கையும் இல்லாமல் இருப்பதுதான் இன்றைய நிலைமை என்பதை அவர்கள் யோசிக்க வேண்டும்.

வேலை ஒன்றும் மந்திரமல்ல. என் சிநேகிதர் ஒருவர் வீட்டிலேயே செய்தார். கூட இருந்து பார்த்தேன். முதலில் மையைப் படிப்படியாக ஏற்றி ஒரு பட்டை அச்சிட்டார். ஓர் எல்லைக்குமேல் மை கூடினாலும் கறுப்பு கூடவில்லை. அந்த எல்லையைக் குறித்துக்கொண்டார். பிறகு வெள்ளையிலிருந்து கறுப்புவரை ஐந்தைந்து சதவீதமாக 21 கட்டங்கள். ஒரு நாள் முழுக்கக் காய விட்டு, ஒவ்வொரு கட்டத்தின் வெளிச்சத்தையும் கருவியால் அளந்தார். காகிதத்தின் வெள்ளை 96, மங்கல் காகிதத்தில் கிடைத்த ஆகக் கடைசிக் கறுப்பு 16. நடுவிலுள்ள 80ஐ இருபது படிகளுக்குப் பங்கிட்டால் படிக்கு நான்கு வரவேண்டும். வெளிர்ந்த பக்கம் ஏழும் எட்டுமாகத் தாவியிருந்தது. கறுத்த பக்கம் ஒன்றுகூட இல்லை. அந்த எண்களை ராய் ஹாரிங்டன் என்பவர் எழுதிய குவாட்டோன் ரிப் என்ற மென்பொருளுக்குக் கொடுத்துக் கணக்கைத் திருத்தி, மறுபடி அச்சிட்டு, மறுபடி அளந்தார். மூன்றாம் முறை படிகள் ஏறக்குறைய சமமாயின. ஆச்சியின் முகம் இருந்தது 65 சதவீதத்துக்கும் 85 சதவீதத்துக்கும் இடையில்; மொத்தம் ஐந்து கட்டங்கள். கடைப் படத்தில் அவை ஒரே கட்டம்.

இதில் தீவிரமானவர்கள் ஜான் கோனின் பியஸோகிராஃபி முறையைப் போல், வண்ண மைகளை அடியோடு எடுத்துவிட்டுப் பல அடர்த்திகளில் கரி மையை மட்டும் நிரப்புகிறார்கள். கரி நிறம் மங்காது. ஏட்டுச்சுவடியில் எழுத்தாணிக் கீறல்மேல் தடவிய கரி இன்னும் கறுப்பாகவே இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. ஆனால் தனிக் கரி கொஞ்சம் பழுப்புச் சாயல் காட்டும். அது சிலருக்குப் பிடிக்கும், எனக்குப் பிடிக்கிறது. மூன்று கறுப்பு மைகள் கொண்ட பிரிண்டரும், அதிலேயே உள்ள கறுப்புவெள்ளை முறையும் பலருக்குப் போதும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி என் குறை. அளந்து திருத்தியவர்கள் பலர் அதோடு கலை முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். பத்மநாபபுரம் அரண்மனையின் உட்புறப் படங்கள் சிலவற்றை இப்படி அச்சிட்டு எனக்குக் காட்டினார்கள். பூமுகத்து மரக்கூரையில் செதுக்கிய ஒவ்வொரு பூவும் தெரிந்தது. மெருகேற்றிய கருந்தரையின் ஒவ்வொரு பிரதிபலிப்பும் தெரிந்தது. இருட்டு மட்டும் இல்லை. அந்த அரண்மனைக்குள் போனவனுக்கு முதலில் கிடைக்கும் அனுபவமே, வெயிலிலிருந்து இருட்டுக்குள் இறங்கி, கண் பழகும்வரை ஒன்றும் தெரியாமல் நிற்பதுதான். சமமான படிகள் கிடைத்ததற்காக எல்லாப் படியிலும் ஏறி இறங்க வேண்டுமென்பதில்லை. புரொஃபைல் இயந்திரத்தை நேர்மைப்படுத்துகிறது. எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று அது சொல்லித் தராது. இலக்கணம் படித்தவன் கவிஞனாகிவிடுவதில்லை. இலக்கணம் பிசகினால் கவிதை தப்பிவிடுவதுமில்லை.

இன்னொன்று. இரண்டு பருவமழையும் பெய்கிற ஜில்லா இது. காகிதம் ஈரம் குடிக்கும். பங்குனியில் போட்ட கணக்கு ஐப்பசியில் பிசகலாம். மறுபடி அளக்கச் சோம்பல்படுகிறவர் இந்த வேலைக்கு வராமலிருப்பது நல்லது.

மூன்றாவது படம் இப்போது எங்கள் கூடத்தில் இருக்கிறது. கறுப்பு முகம், கறுப்பாகவே. ஆனால் கன்னம் வேறு, மோவாய் வேறு. அக்கா அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, “ஆச்சிக்கு நெத்தியில தழும்பு உண்டுல்லா? மறந்தே போச்சு” என்றாள். சித்தி வீட்டுச் சுவரில் தொங்குவது கடைக்காரத் தம்பி வெளுத்துக் கொடுத்த படம். மாற்றித் தருகிறேன் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். “அதுல ஆச்சி நல்லாத்தான இருக்கா, இருக்கட்டும்ல” என்கிறாள் சித்தி. அதற்குப் புரொஃபைல் போட எனக்குத் தெரியவில்லை.