பெயரில்லாத மாத்திரை

“வலி மாத்திரைதானே!” என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் பொருளைப் பற்றி 2019 ஜூன் மாதம் ஒரு செய்தி அறிக்கை வெளிவந்தது. தமிழ்நாட்டின் ஆடைத் தொழிலில் வேலை செய்யும் சுமார் நூறு பெண்களைச் சந்தித்து, தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் அதை வெளியிட்டது. மாதவிலக்கு வலி என்று சொன்னால் தொழிற்சாலையிலேயே மாத்திரை தருகிறார்கள். அதில் பெயரோ, உட்பொருளோ, காலாவதித் தேதியோ பெரும்பாலும் இருப்பதில்லை என்பது அதன் சாரம். மாத்திரைகளை மருத்துவர்களிடம் காட்டியபோது, அவை இபுபுரூஃபன் போன்றவை என்றனர்.

விடியற்காலையில் பஞ்சாலைக்கும் பனியன் கம்பெனிக்கும் வேன் ஏறும் பெண்களைத் தினமும் பார்க்கும் கணியூர்க்காரனுக்கு இது அயலூர்ச் செய்தியன்று. ஆகவேதான் அந்த அறிக்கையைச் சற்றுக் கண்டிப்புடனேயே படித்தேன்.

அதில் ஒரு குறை உண்டு. பேட்டி கண்ட பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் தம் உடல்நலம் கெட்டதாகக் கூறினர் என்று சொல்லி, மனச்சோர்வு, சிறுநீர்த் தொற்று, கருப்பைக் கட்டி, கருச்சிதைவு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அடுக்குகிறது. மாத்திரை சாப்பிடாத நூறு பெண்களையும் கேட்டிருந்தால் அல்லவா ஒப்பிட முடியும்? கருப்பையில் கட்டி உள்ளவருக்கு மாதவிலக்கின்போது வலியும் உதிரப்போக்கும் மிகுதியாக இருக்கலாம். அதனாலேயே அவர் மாத்திரையை அடிக்கடி கேட்டிருக்கவும் கூடும். அப்படியானால் காரணம் எது, விளைவு எது? இயற்பியல் செய்முறைத் தேர்வில் ஒரு மாணவன் இப்படி முடிவு எழுதினால் நான் மதிப்பெண் கொடுக்கமாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இபுபுரூஃபன் இந்த வலிக்குத் தவறான மருந்தன்று. கருப்பையை இறுகச் சுருங்கச் செய்து வலியை உண்டாக்குபவை புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்கள். அவை உடலில் உருவாவதையே இம்மருந்து தடுக்கிறது. வலிக்கு அது நல்லதுதான். ஆனால் இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பதும், சிறுநீரகத்தின் இரத்தக் குழாய்களைத் திறந்து வைப்பதும் அதே புரோஸ்டாகிளாண்டின்கள்தாம். மாத்திரைக்கு இடம் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

அறிக்கையின் உண்மையான வலிமை அந்த ஒற்றைச் செய்தியில் இருக்கிறது. மாத்திரைக்குப் பெயரில்லை! ஏன் இது இவ்வளவு முக்கியம் என்பதற்குச் சிறுநீரகத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் நுண்ணிய வடிகட்டி ஒவ்வொன்றுக்கும் இரத்தம் உள்ளே வர ஒரு குழாய், வெளியேற ஒரு குழாய். வடிகட்டல் நடக்க உள்ளே போதிய அழுத்தம் வேண்டும். எனலாபிரில், ராமிபிரில் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகள் வெளியேறும் குழாயைத் தளர்த்துகின்றன. இதனால் மட்டும் பலருக்குத் தீங்கில்லை. வலி மாத்திரை உள்வரும் குழாயைச் சுருக்குகிறது. நலமாக உள்ளவர் ஓரிரு நாள் சாப்பிட்டால் அதுவும் பெரும்பாலும் தாங்கக் கூடியதே. இரண்டும் சேர்ந்தால்? நீர் வரும் குழாயைப் பாதி மூடி, போகும் குழாயை அகலத் திறந்தால் தொட்டியில் அழுத்தம் என்னவாகும் என்பதைப் பத்தாம் வகுப்பு மாணவரும் சொல்லிவிடுவார். இவற்றோடு, சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையும் சேர்ந்துவிட்டால் தொட்டிக்கு வரும் நீரே குறைகிறது. கழிப்பறைக்கு எழுந்து போக வேண்டுமே என்று பகல் முழுதும் தண்ணீர் குடிக்காமல் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவருக்கு ஆபத்து மேலும் கூடுகிறது.

வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து சாப்பிடுபவர் இம்மாத்திரையையும் சேர்த்தால் இரைப்பையில் இரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்பு உயர்கிறது. கர்ப்பம் 20 வாரத்தைத் தாண்டியபின் இவ்வகை மருந்து கருவின் சிறுநீரகத்தைப் பாதித்து, பனிக்குட நீரைக் குறைக்கலாம் என அமெரிக்க மருந்துத் துறை 2020-இல் எச்சரித்தது. பெயரற்ற மாத்திரை பாரசிட்டமாலாக இருந்தால் வேறு தொல்லை. சளி மாத்திரைகள் பலவற்றிலும் அதே பாரசிட்டமால் இருக்கிறது. நாளொன்றுக்கு 4 கிராம் என்பது நலமான பெரியவருக்கு மேல் எல்லை. அதைத் தாண்டினால் கல்லீரல் கெடக்கூடும். எண்ணிப் பார்க்கவேனும் பெயர் தெரிய வேண்டாமா?

“மருத்துவரிடம் கேட்டுச் சாப்பிடுங்கள்” என்று எழுதுவது எங்களைப் போன்றவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. எதைக் காட்டிக் கேட்பது? 2019-இல் நடப்பிலிருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, முதலுதவிப் பெட்டியில் விதித்த பொருள்களைத் தவிர வேறெதுவும் இருக்கக்கூடாது என்றும், முதலுதவிச் சான்றிதழ் பெற்றவரே அதற்குப் பொறுப்பாளர் என்றும் கூறியது. இபுபுரூஃபனோ மருத்துவர் சீட்டின்பேரில் விற்க வேண்டிய மருந்துப் பட்டியலில் உள்ளது. சட்டம் பேசியது தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளைப் பற்றியும்தான்.

மருந்துக் கடைகளையும் விட்டுவிட முடியாது. அட்டையில் இரண்டு மாத்திரையை மட்டும் கத்தரித்துக் கொடுக்கும்போது, பெயரும் தேதியும் மீதி அட்டையோடு கடையிலேயே நின்றுவிடுகின்றன. பெயர் இருந்தாலும் பெரும்பாலும் பொடி எழுத்து ஆங்கிலம். தமிழ்வழியில் படித்தவர் கண்ணை இடுக்கிக்கொண்டு எழுத்துக் கூட்டவேண்டும்.

சென்ற ஆண்டு மாணவி ஒருத்தி, தன் தாயார் வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த வெள்ளை மாத்திரை ஒன்றைச் செய்தித்தாள் துண்டில் மடித்து வகுப்புக்கு எடுத்துவந்தாள். தாயாருக்கு இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உண்டு. இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா சார் என்று கேட்டாள். லேபிள் இல்லாத குப்பி ஆய்வுக்கூடத்தில் கிடைத்தால் அதை நாங்கள் பயன்படுத்துவதில்லை என்று மட்டுமே என்னால் சொல்ல முடிந்தது. மாலையில் மருந்துக் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எதுவாகவும் இருக்கலாமுங்க” என்று கையில் திருப்பிக் கொடுத்தார்.