அல்லாடியும் பதினான்கு இடங்களும்

கபாலீசுவரர் கோபுரத்துக்கு அடுத்தபடி மயிலையில் உயர்ந்து நின்றவை வழக்கறிஞர்களின் மாளிகைகள். அவர்தம் வரலாறுகளிலே பெரும்பாலும் ஒரே பல்லவி: இளமையில் வறுமை, இடையில் வருமானம், இறுதியில் பட்டம்! அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரையும் அப்படித்தான் பாடுகின்றனர். நாம் சற்று வேறிடத்தில் நின்று பார்க்க விரும்புகிறோம்.

நெல்லூர்ச் சீமையில், 1883-இல், அர்ச்சகர் மகனாகப் பிறந்தவர், 1907-இல் வழக்கறிஞரானார். அவருடைய சட்டப் புலமையை மறுப்பவரில்லை, நாமும் மறுக்கவில்லை. 1929 முதல் 1944 வரை சென்னை மாகாண அட்வகேட் ஜெனரல். 1932-இல் 'சர்' பட்டம். அந்தப் பதினைந்து ஆண்டுகளும் சென்னை அரசுப் பணிகளில் வகுப்புவாரி உரிமை நடைமுறையில் இருந்த ஆண்டுகள் என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்க.

பின்னர் அரசியல் சட்ட வரைவுக் குழுவின் எழுவரில் ஒருவரானார். வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை என்பதை அங்கே ஆதரித்தார். அதற்காக அவரைப் பாராட்டத் தயங்கோம். ஆனால், சட்டத்தின் மை காயுமுன்னரே, 1950-இல், செண்பகம் துரைராசன் வழக்கு எழுந்தது. கல்லூரி இடம் பதினான்கு என்றால், பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனருக்கு 2, அரிசனங்களுக்கு 2, கிறித்தவர் - ஆங்கிலோ இந்தியருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கிட்ட உத்தரவு அது. அதைத் தகர்க்க வந்தோர் தரப்பில் உயர்நீதிமன்றத்தில் வாதாடியவர் யார்? அல்லாடி!

கட்சிக்காரர் வந்தால் வாதாடுவது வக்கீலின் தொழில் என்பர். மெய்தான், அந்த உரிமையை நாம் பறிக்கவில்லை. ஆயின், வேலைகளில் பிற்பட்டோருக்கு இடமொதுக்க 16ஆம் விதியில் 4ஆம் உட்பிரிவு இருந்தது. கல்லூரிக்கு அப்படியோர் உட்பிரிவு இல்லை. இந்த இடைவெளியில்தான் வழக்கே நின்றது. சட்டம் வரைந்தவரே எழுந்து அதன் பொருளை உரைக்கும்போது, அந்தக் குரலுக்குச் சாதாரண வக்கீலின் குரலுக்கில்லாத எடை உண்டன்றோ? ஓட்டுச் சாவடிக்கு எல்லோரும் வரலாம் என்றவர், மருத்துவக் கல்லூரி வாயிலில் ஏன் வேறு கணக்குப் பார்த்தார்?

1950 ஜூலையில் உயர்நீதிமன்றமும், 1951 ஏப்ரல் 9-இல் உச்சநீதிமன்றமும் உத்தரவை வீழ்த்தின. தமிழகம் கொதித்தது, பெரியார் கிளர்ச்சிக்கு அழைத்தார். 1951 ஜூனில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் 15(4)ஐச் சேர்த்து அந்த இடைவெளியை அடைத்தது. 1953-இல் அல்லாடி மறைந்தார். அவர் வரலாற்றை எழுதுவோர் 'சர்' பட்டத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கட்டும், வேண்டாமென்போமா? அந்தப் பதினான்கு இடங்களுக்கும் ஒரு பக்கம் கேட்கிறோம்.