வங்கத்தோடு நின்ற வரைபடம்

ஷஹாப் அஹ்மதின் ‘இஸ்லாம் என்பது என்ன?’ வெளிவந்து பத்தாண்டாகிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட, 600 பக்கங்களைத் தாண்டும் நூல். வெளிவரவிருந்த வேளையில், 2015 செப்டம்பரில், ஆசிரியர் காலமானார். முதல் சுற்று மதிப்புரைகளில் அஞ்சலியும் மதிப்பீடும் கலந்துபோனதில் வியப்பில்லை. இப்போது நூலை நூலாக மட்டும் எடைபோடலாம்.

இஸ்லாத்தை வரையறுக்க முனையும் எந்தக் கோட்பாடும் மூன்று கேள்விகளுக்கு விடை வைத்திருக்க வேண்டும். எது உள்ளே? வெளியிலிருந்து வந்தது எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது? உள்ளே வந்தவற்றுள் எதற்கு எவ்வளவு கனம்? முதல் கேள்விக்கு அஹ்மத் அளவுக்கு விரிந்த விடையை இத்துறையில் எவரும் தந்ததில்லை. மற்ற இரண்டில் அவர் தடுமாறுகிறார். அந்தத் தடுமாற்றத்தின் காரணம் நூலின் அமைப்பிலேயே இருக்கிறது.

நூல் ஆறு கேள்விகளோடு தொடங்குகிறது. இஸ்லாமிய மெய்யியலில் இஸ்லாம் எங்கே இருக்கிறது? ஷரீஅத்தைக் கடந்த நிலையை எட்டியதாகச் சொன்ன சூஃபியை எங்கே வைப்பது? இப்னு அரபியின் வஹ்தத்துல் வுஜூத், அதாவது உள்ளமை ஒன்றே என்ற கொள்கை, ஹாஃபிஸின் கஜல்கள், உருவ ஓவியம், மது: இவற்றையெல்லாம் என்ன செய்வது? வெறும் பட்டியலாகப் பார்த்தால் இதில் புதுமை குறைவு. அஹ்மதின் திறமை ஒவ்வொன்றையும் ஒரு நெருக்கடியாக மாற்றுவதில் இருக்கிறது. இப்னு சீனாவை எடுத்துக்கொள்ளலாம். உலகம் அநாதி என்றதற்கும், இறைவன் தனிப்பொருள்களைப் பொதுவகையிலேயே அறிகிறான் என்றதற்கும், உடலோடு எழுப்பப்படுதலை மறுத்ததற்கும் கஸ்ஸாலி அவர் வழிவந்த மெய்யியலாரைக் காஃபிர் என்றார். அதே இப்னு சீனாவின் தர்க்கமும் மீமெய்யியலும் சுருக்கங்களாகவும் உரைகளாகவும் பல நூற்றாண்டுகள் மதரசா மாணவர்களின் பாடமாக இருந்தன. தீர்ப்பு ஒரு பக்கம், பாடத்திட்டம் மறுபக்கம். மார்க்க அறிஞரின் தீர்ப்பையே இஸ்லாத்தின் இலக்கணமாகக் கொள்பவர்கள் இந்தப் பாடத்திட்டத்தை எப்படி விளக்குவார்கள் என்று அஹ்மத் கேட்கிறார். நேர்மையான மறுமொழி இன்றுவரை வரவில்லை.

அவருடைய விடையின் கட்டுமானம் இது. முகம்மது நபிக்கு அருளப்பட்ட வஹீயோடு பொருள்கொள்ளும் உறவில் ஈடுபடுவதே இஸ்லாம். அந்த உறவுக்கு மூன்று தளங்கள் உண்டு. வஹீக்கு மூலமான காணா மெய்ம்மை முன்பனுவல். மெய்யியலார் அறிவாலும் சூஃபிகள் அனுபவத்தாலும் அதைத் தேடினார்கள். குர்ஆன் பனுவல். முந்தைய தலைமுறைகள் வஹீயோடு ஈடுபட்டு விளைவித்த பொருள்களின் மொத்தக் கிடங்கு சூழ்பனுவல். இதன்படி ஃபிக்ஹு நூலும் ஹாஃபிஸின் திவானும் ஒரே குடும்பம். வரலாற்றாளர் ஹாட்ஜ்சன், 1974இல் வெளிவந்த நூலில், மதத்தையும் பண்பாட்டையும் பிரிக்க ஒரு சொல்லை உருவாக்கி, கவிதையையும் கலையையும் பண்பாட்டுப் பக்கம் தள்ளியதை அஹ்மத் உடைக்கிறார். அந்தப் பகுதி நூலின் உச்சம். ‘இது மார்க்கம், அது வெறும் வட்டார வழக்கம்’ என்ற சோம்பேறிப் பிரிவினைக்கு இனி அறிவுத்துறையில் இடமில்லை.

முன்னோடிகளோடு அவர் நடத்தும் வழக்கில் நியாயம் சீராக இல்லை. மானிடவியலாளர் கிளிஃபோர்ட் கீர்ட்ஸை மறுப்பது எளிது. 1968இல் வந்த அவருடைய சிறுநூல் ஜாவாவுக்கு ஒரு சுனன் காலிஜாகாவையும் மொராக்கோவுக்கு ஓர் அல்யூசியையும் நிறுத்தி, ஒருவரின் அசையாத் தவத்திலிருந்தும் மற்றவரின் முரட்டு அறவேகத்திலிருந்தும் இரு நாடுகளின் இஸ்லாத்தையே வடித்தெடுத்தது. உரைநடை அழகு; சான்று மெலிவு. ஜாவாவில் கீர்ட்ஸ் இந்து எச்சம் என்று ஒதுக்கியதில் பெரும்பகுதி சூஃபிக் கொள்கையின் உள்ளூர் வடிவம் என்று மார்க் உட்வர்ட் 1989இல் யோக்யகர்த்தா ஆய்வில் காட்டிவிட்டார்.

தலால் அசத் விஷயம் வேறு. இஸ்லாத்தை ஒரு சொல்லாடல் மரபாகக் காண வேண்டும் என்ற அவருடைய 1986 கட்டுரையைச் சரியான வழி, தவறான வழி என்று விதிப்பதற்குள் சுருங்கிய கருத்தாக அஹ்மத் வாசிக்கிறார். அசத் வைதிகத்தைக் கொள்கைகளின் தொகுப்பு என்று சொல்லவில்லை. அதை ஓர் அதிகார உறவு என்றார். எந்த வாசிப்பு சரி என்று நிலைநாட்டும் வலு யாரிடம் இருக்கிறது என்பதே அவர் கேள்வி. விதிக்கும் அதிகாரத்துக்கு எதிராக, பொருளைத் தேடும் அதிகாரத்தை அஹ்மத் நிறுத்துகிறார். பிரிவினை கூர்மையானதுதான். ஆனால் தேடுபவரே விதிப்பவராக மாறும் நேரத்தை அது காட்டுவதில்லை.

மதுவைப் பற்றிய வாதத்தில் இந்தக் குறை கண்முன் தெரிகிறது. கையில் கோப்பையோடு ஜஹாங்கீர் அமர்ந்திருக்கும் தங்க நாணயம் கற்பனைச் சரக்கல்ல, 1611 முதல் அச்சானது. பேரரசே தன் நாணயத்தில் பொறித்த ஒன்றை ஒளிவுமறைவான மீறல் என்று தள்ள முடியாது என்பது வலுவான வாதம். ஆனால் அதே ஜஹாங்கீரின் நினைவுக்குறிப்பைத் திறந்தால் வேறு குரல் கேட்கிறது. பட்டமேறியதும் அவர் பிறப்பித்த 12 ஆணைகளில் மது வடிப்பதற்கும் விற்பதற்குமான தடையும் ஒன்று. அந்த இடத்திலேயே, தான் 18 வயது முதல் குடித்துவருவதையும் ஒப்புக்கொள்கிறார். கை நடுங்கிக் கோப்பையைப் பிடிக்க முடியாமல் பிறர் புகட்டிய காலத்தையும் பிறகு எழுதுகிறார். அவருடைய தம்பிகள் முராதும் தானியாலும் குடியால் அழிந்தவர்கள். முரண்களைத் தாங்கி நிற்பதே இஸ்லாத்தின் ஒருமை என்பது அஹ்மதின் முடிவு. இங்கே முரணின் இரு தட்டும் சமமாக இல்லை. குடித்தவரே தடையை மேலே வைத்துப் பேசுகிறார். கனம் பற்றிய மூன்றாவது கேள்வி இப்படித்தான் விடையின்றி நிற்கிறது. முரணை விளக்கும் கோட்பாடு அதன் சாய்வையும் விளக்க வேண்டாமா?

இனி வரைபடத்துக்கு வருவோம். பால்கன் முதல் வங்கம் வரை, 1350 முதல் 1850 வரை என்று அஹ்மத் தன் களத்தை வரையறுக்கிறார். அரபு மையப் பார்வையை உடைத்த வகையில் இது பெரிய சாதனை. ஆனால் களத்தின் நரம்பு பாரசீகம். ஹாஃபிஸையும் ரூமியையும் படித்தவர்களின் பொருளுலகம் கதைகளாலும் பாடல்களாலும் எழுத்தறியாதவரையும் எட்டியது என்று அவர் சொல்கிறார். சொல்கிறாரே தவிர, போதிய அளவு காட்டவில்லை. வங்கம் வரையறையில் இருக்கும் அளவுக்குச் சான்றுகளில் இல்லை.

வங்கத்துக்கு அப்பால், சுமத்ராவின் வடமுனையில் இருக்கும் ஆச்சே இவருக்கு நல்ல சோதனைக்களமாக இருந்திருக்கும். ஹம்சா ஃபன்சூரி வஹ்தத்துல் வுஜூதை மலாய்க் கவிதையாக்கினார். 1637இல் குஜராத்தின் ராந்தேரிலிருந்து வந்த நூருத்தீன் ரானிரி, சுல்தான் இஸ்கந்தர் தானியின் ஆதரவோடு அந்த மரபைத் தாக்கினார். பள்ளிவாசல் முன் நூல்கள் எரிந்தன. சட்டவாதி சூஃபியை ஒடுக்கிய வழக்கமான கதையாக இதை வாசிக்க முடியாது. ரானிரியும் இப்னு அரபியை மதித்தவர். சரியான வுஜூதிகள், வழிதவறிய வுஜூதிகள் என்று பிரித்து இரண்டாமவரைத்தான் அவர் சாடினார். 1644இல், எதிர்த்தரப்பு அறிஞரிடம் வாதில் செல்வாக்கிழந்து, ஊரைவிட்டே போனார். ஆக, தேடும் அதிகாரத்தின் இரு பிரதிநிதிகள் அரசவையைத் துணைக்கழைத்து ஒருவர்மீது ஒருவர் விதித்துக்கொண்டார்கள். அஹ்மதின் பிரிவினையில் இதற்கு இடமில்லை. அசதின் கட்டுரையில் உண்டு. (இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதற்கு நகீப் அல்அத்தாஸே சாட்சி: 1960களில் ரானிரியைக் கடுமையாகச் சாடியவர், 1986இல் அவர் பக்கம் திரும்பினார்.)

இரண்டாவது கேள்வியான வாசல்தான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியம். வஹீயோடு கொண்ட முந்தைய ஈடுபாடுகளின் விளைச்சல்தான் சூழ்பனுவல் என்பது அஹ்மதின் வரையறை. அப்படியானால் 17ஆம் நூற்றாண்டுச் சட்டகிராமில் சையது சுல்தான் எழுதிய ‘நபிவம்சம்’ நபிமார் வரிசையில் கிருஷ்ணனுக்கும் ஓரிடம் தரும்போது, கிருஷ்ணன் எந்தக் கிடங்கிலிருந்து வந்தான்? நம் குணங்குடி மஸ்தான் சாகிபு மனோன்மணியைக் காதலியாக விளித்துக் கண்ணி கட்டும்போது, அந்த மனோன்மணி எந்த ஈடுபாட்டின் விளைச்சல்? சித்தர் மரபும் தாயுமானவரும் வஹீயோடு ஈடுபட்டவை அல்ல. இஸ்லாத்தின் மொழியில் பொருள்கொண்டதும் எல்லாம் இஸ்லாமியமாகிவிடும் என்று அஹ்மத் சொல்லக்கூடும். அது முடிவு. அந்த முடிவுக்குக் கொண்டுபோகும் படிகள் நூலில் இல்லை.

அந்தப் படிகளை எண்ணிக் காட்டியவர்கள் வேறிடத்தில் இருக்கிறார்கள். ரோனித் ரிச்சி 2011இல் வெளியிட்ட நூல் ஒரே கதையைத் தமிழ், ஜாவானியம், மலாய் என மூன்று மொழிகளில் பின்தொடர்கிறது. அப்துல்லா இப்னு சலாம் என்ற யூதர் நபியிடம் ஆயிரம் கேள்வி கேட்டு இஸ்லாத்தில் சேரும் கதை அது. 1572ஐச் சேர்ந்த வண்ணப் பரிமளப் புலவரின் ‘ஆயிர மசலா’, முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் மிகப் பழமையானது. அதே கேள்விகள் தமிழில் காப்பிய மரபின் ஆடையணிந்து வருகின்றன. ஜாவானிய வடிவங்களிலோ சூஃபி மறைபொருள் நோக்கி நகர்கின்றன. எந்தச் சொல் அரபியாகவே நின்றது, எது உள்ளூர்ச் சொல்லை வாங்கிக்கொண்டது, யார் முன் எது ஓதப்பட்டது என்று ரிச்சி பொறுமையாக அடுக்குகிறார். ஆயிஷா இரானி 2021இல் ‘நபிவம்ச’த்துக்குச் செய்ததும் இதே தரத்துப் பணிதான், கிருஷ்ணனை ஏற்பதும் தாழ்த்துவதும் ஒரே காப்பியத்தில் எப்படி நடக்கின்றன என்பதை அவர் நுணுகிக் காட்டுகிறார்.

இவர்களிடமும் குறை உண்டு. ரிச்சி சமஸ்கிருத உலகைப் பற்றிய பொல்லாக்கின் கருத்தை அரபிக்கு விரித்து, ‘அரபுப் பெருவெளி’ என்று பெயர் சூட்டுவதோடு மெய்யியலை நிறுத்திக்கொள்கிறார். மூன்று மொழிகளில் பேசப்படுவது ஒரே இஸ்லாமா, எந்தப் பொருளில் ஒன்று என்ற கேள்வியை அவர் தொடவே இல்லை. அஹ்மத் அந்தக் கேள்வியின் கழுத்தைப் பிடித்தார். பிடித்த கையில் உள்ளூர்ப் பனுவல்கள் இல்லை.

என் தீர்ப்பு இது. முறைமையில் ரிச்சியும் இரானியும் மேலே நிற்கிறார்கள், துணிவில் அஹ்மத். கோட்பாட்டு ஒருமையில் அவர் நூல் தன் களத்துக்குள் உறுதியானது, களத்தை நீட்டியதும் விரிசல் விடுகிறது. அதிகாரம் பற்றிய அசதின் கேள்வியை அது வெல்லவில்லை, சுற்றிக்கொண்டு போகிறது. நேரம் குறைவாக உள்ளவர்கள் ஆறு கேள்விகளின் முதல் அத்தியாயத்தையும் ஹாட்ஜ்சன் மறுப்பையும் படித்து, நடுவில் பிற வரையறைகளோடு நடக்கும் நீண்ட வழக்காடலை வேகமாகக் கடந்து, மூன்று பனுவல்களை விளக்கும் பகுதியில் நின்று நிதானித்துப் படிக்கலாம். பக்கத்தில் ‘ஆயிர மசலா’வும் இருந்தால் நல்லது.