ஒடுக்க இல்லமும் சாவா மூவா ஆடுகளும்

இன்று 'தியானம்' என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிட்ட பயிற்சியை நம் முன்னோர் 'ஞான ஒடுக்கம்' என்று வழங்கினர். பழைய செபநூல்களைப் புரட்டியவர்களுக்கு அச்சொல் அந்நியமன்று. தியானம் மனத்தின் செயல். பேருந்தில் அமர்ந்தும் அதைச் செய்யலாம். ஒடுக்கமோ உடலும் ஓர் இடமும் இன்றி நிகழாது. ஆமை ஓட்டுக்குள் ஒடுங்குகிறது. பறவை கூட்டில் ஒடுங்குகிறது. ஆமையின் முதுகுக்கும் வீட்டின் கூரைக்கும் தமிழில் 'ஓடு' என்ற ஒரே பெயர் அமைந்தது தற்செயலாகவே இருக்கட்டும். சொல்லை மாற்றிக்கொண்ட நாம் அதனோடு கூரையையும் மறந்துவிட்டோமோ என்பதே நம் ஐயம்.

இந்த ஐயம் எழக் காரணம், தியான இல்லங்களைப் பற்றி நம்மவர் எழுதும் எழுத்து. வெள்ளி விழா மலர், பொன் விழா மலர், புதிய கட்டடத் திறப்பு விழா மலர் என்று நம் மேசைக்கு வந்து சேர்பவற்றை ஓர் இலக்கிய வகையாகவே கொண்டு ஆராயலாம். அவ்வகைக்கென்று உறுதியான மரபுகள் உள்ளன. ஆயரின் ஆசிச் செய்தி, தலைமை அருட்பணியாளரின் முன்னுரை, அடிக்கல் நாட்டிய நாளின் நிழற்படம், நன்கொடையாளர் பட்டியல், இறுதியில் நன்றிக் கவிதை. உள்ளடக்கத்தை விடுத்து வினைமுற்றுகளை மட்டும் கவனித்தாலும் போதும். 'நாட்டப்பட்டது', 'எழுப்பப்பட்டது', 'மந்திரிக்கப்பட்டது', 'திறந்து வைக்கப்பட்டது'. ஒவ்வொன்றும் ஒருமுறை நிகழ்ந்து முடிந்த செயல். நாள்தோறும் நிகழ்வதைச் சொல்லும் வினை ஒன்றையும் அங்குக் காண்பது அரிது. கிணறு வற்றிய கோடையில் இல்லம் எவ்வாறு நடந்தது, கூரை எத்தனை முறை பிரித்து வேயப்பட்டது, அறுபது பேருக்கு விடியற்காலையில் உலை வைத்தவர் யார் என்ற செய்திகளுக்கு இம்மலர்களில் பக்கம் ஒதுக்கப்படுவதில்லை. நிகழ்காலம் இல்லாத உரைநடை இது. இதைப் படிப்பவர் கட்டுவதற்குக் கொடுப்பார். காப்பதற்குக் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றாது.

மலைமேல் எழும் இல்லத்திற்குக் காப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதைத் திண்டுக்கல் மண்ணில் வாழும் நாம் சிறுமலையைக் கொண்டே அறியலாம். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த சீர்திருத்தச் சபை ஊழியர்கள் 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து இந்நாட்டுக்கு வந்தனர். சமவெளியின் வெப்பமும் நோயும் அவர்களை வாட்டின. 1838-ல் அவர்கள் சிறுமலையில் ஓய்வு இல்லங்களை அமைத்தனர். மதுரையிலிருந்து ஏறத்தாழ 35 மைல், உயரமோ சுமார் 4000 அடி, காற்று குளிர்ந்தது, எல்லாம் பொருந்தியது போலத் தோன்றியது. ஆனால் மலைக்காய்ச்சல் அவர்களுக்கு முன்பே அங்குக் குடியிருந்தது. கொசுவே அந்நோயைப் பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் நிறுவியது 1897-ல்தான். அதுவரை உயரமே மருந்து என்று நம்பினர். சிறுமலையின் உயரம் போதாது என்று முடிவு செய்த மிஷனரிகள் 1845-ல் கொடைக்கானலில் 'சன்னிசைடு', 'ஷெல்டன்' என்னும் இரு இல்லங்களைக் கட்டிக் குடிபுகுந்தனர். அந்த மலைநகரின் வரலாறு பெரும்பாலும் அவ்விரு பெயர்களிலிருந்தே தொடங்கப்படுகிறது. சிறுமலைக்கு அதில் கிடைப்பது முன்னுரையில் ஒரு வாக்கியம். அங்கு நின்ற வீடு சுவர் இடிந்ததனால் கைவிடப்படவில்லை. தங்குவோரின் நாள்களைக் காக்க இயலாமற் போனதனால் கைவிடப்பட்டது. வரலாறு எழுதியோரும் மலர் எழுதுவோரைப் போலவே கட்டியதைக் குறித்தனர். காக்க முடியாமற் போனதை ஒற்றை வரியில் கடந்தனர்.

காய்ச்சலின் அச்சம் இன்று பெரிதும் தணிந்துவிட்டது. பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து ஏறுகிறது. எனினும் வடகிழக்குப் பருவமழை தொடங்கி மார்கழி முடியும்வரை இம்மலையில் ஒரு வீட்டை நிறுத்தி வைப்பது எளிதன்று. ஓட்டிடுக்கில் பாசி படரும். குரங்குகள் ஓட்டைப் பெயர்க்கும். மரச்சட்டங்கள் ஈரம் குடித்துப் பருத்துக் கதவுகள் மூடாமற் போகும். மெத்தையும் திருவழிபாட்டு உடைகளும் பூஞ்சணம் பிடிக்கும். சமவெளியில் வாங்கும் ஒரு மூட்டை சிமெண்டின் விலையோடு மலையேற்றும் கூலியையும் சேர்க்க வேண்டும். சாலைக்கு அப்பால் உள்ள தோட்டங்களுக்குப் பொதி சுமக்கும் குதிரையைத்தான் இன்றும் நாட வேண்டியிருக்கிறது. இச்செலவுகளில் எதற்கும் அடிக்கல் இல்லை. எனவே எவருடைய பெயரும் இல்லை.

இவையெல்லாம் உலகியல், ஆன்மீகத்திற்கு இவற்றோடு என்ன உறவு என்று கேட்போர் உண்டு. அவர்கள் புனித இஞ்ஞாசியாரின் 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலை மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டுகிறோம். மூன்றாம் பவுல் திருத்தந்தையின் ஒப்புதலை 1548-ல் பெற்ற அச்சிறுநூல் கட்டடக்கலை பேசுவதில்லை. ஆயினும் முன்குறிப்புகளில் இருபதாவது, நண்பரையும் அலுவலையும் விட்டு வேறொரு வீட்டிற்கோ அறைக்கோ பெயர்ந்து செல்பவர் மிகுந்த பயன் பெறுவார் என்கிறது. முதல் வாரத்திற்கான துணைக்குறிப்புகளில் ஒன்று இன்னும் நுட்பமானது: தன் பாவத்திற்காக வருந்துபவர், அறையில் இருக்கும் வேளையில், சன்னலையும் கதவையும் சார்த்தி ஒளியை விலக்கிக்கொள்ள வேண்டும் என்பது அது. மான்ரேசாவின் குகையில் தவமிருந்தவர் சன்னலை மறக்கவில்லை. சன்னல் மூடாத அறையில் அக்குறிப்பை எவ்வாறு நிறைவேற்றுவது? தச்சனுக்குக் கொடுக்க வேண்டிய கூலி இங்கே பயிற்சியின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது.

இஞ்ஞாசியார் குறிப்பால் உணர்த்தியதை ஆறாம் நூற்றாண்டிலேயே புனித ஆசீர்வாதப்பர் வெளிப்படையாக எழுதிவிட்டார். அவருடைய ஒழுங்குநூலைச் செபமுறைக்காகப் படிப்போர் பலர். பராமரிப்பு இலக்கியமாகப் படிப்போர் சிலரே. மடத்தின் பொருள்களைக் காப்பவர் அங்குள்ள பாத்திரங்கள் யாவற்றையும் பீடத்தின் பாத்திரங்களாகவே கருத வேண்டும் என்கிறது 31-ஆம் இயல். கருவிகளுக்குப் பட்டியல் வேண்டும் என்கிறது அடுத்த இயல். வாரந்தோறும் சமையற்பணி முடிப்பவர் பாத்திரங்களைத் தூய்மையாகவும் பழுதின்றியும் ஒப்படைக்க வேண்டும் என்று வேறோரிடத்தில் விதிக்கிறார். விருந்தினர் பற்றிய 53-ஆம் இயலை நம் மறையுரையாளர் விரும்பி எடுத்தாள்வர். வருகின்ற விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்ற பகுதியோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்வர். அதே இயலில் விருந்தினருக்குத் தனி அடுக்களை வேண்டும், அதில் ஆண்டு முழுவதும் இரு சகோதரர் நிலையாகப் பணி செய்ய வேண்டும், போதிய படுக்கைகள் வேண்டும் என்பனவும் உள்ளன. செல்வரைக் கண்டால் அச்சத்தாலேயே மதிப்பு பிறந்துவிடும். ஏழைகளையும் திருப்பயணிகளையும்தான் தனிக் கருத்தோடு ஏற்க வேண்டும் என்ற கூர்மையான குறிப்பும் அங்கேதான் இருக்கிறது. அடுக்களையையும் ஏழையையும் ஒரே இயலில் வைத்த அந்த அறிவை நாம் வியக்கிறோம். அடுக்களைக்கு வழியில்லாத இல்லத்தில் முதலில் இடமிழப்பவர் யார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

(மார்த்தா, மரியா நிகழ்ச்சியைத் தியான நாள்களில் கேட்காதவர் இல்லை. நல்ல பங்கைத் தேர்ந்தவர் மரியாவே, ஐயமில்லை. ஆனால் இயேசுவை வரவேற்ற வீடு மார்த்தாவினுடையது என்று லூக்கா எழுதியிருப்பதை எந்த மறையுரையிலும் நாம் கேட்டதாக நினைவில்லை.)

மேலைத் துறவற மரபை நாடிச் செல்லாமலே இதைக் கற்கத் தமிழருக்கு மற்றொரு வழியும் உண்டு. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் மிகுதியானவை கட்டடத்தைப் பற்றியவையல்ல, விளக்கைப் பற்றியவை. ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள் அளிக்கப்பட்டன. தஞ்சைப் பெரிய கோயிலில் அதற்கு ஈடாக 48 பசுக்கள் அல்லது 16 எருமைகள். அவற்றை ஏற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும், மூப்படையும். ஆயினும் ஈன்ற குட்டிகளால் எண்ணிக்கை நிறைவு செய்யப்பட்டு மந்தை குறையாது நிற்கும். அதனாலேயே அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றனர். மூலதனம் கரையாமல் அதன் பயன் மட்டும் செலவாக வேண்டும் என்ற நிதியறிவு முழுவதும் அந்த மூன்று சொற்களில் இருக்கிறது. கொடுத்தவர் பெயரோடு ஆட்டை ஏற்ற இடையரின் பெயரும் தஞ்சைக் கல்லில் ஏறியது. அறத்தைப் பின்னாளில் காப்பவர் எவரோ அவருடைய பாதம் தன் தலைமேல் என்று கொடையாளர் உரைப்பதாகப் பல கல்வெட்டுகள் முடிகின்றன. நம் இல்லங்களின் சலவைக்கற்களில் கொடையாளர் தம் பெயரைக் காணலாம். வருங்காலத்தில் ஓடு மாற்றப்போகும் முகமறியாத ஒருவரை வணங்கிய கல்லை நாம் கண்டதில்லை. இலக்கியமாக ஒப்பிட்டாலும் ஆயிரம் ஆண்டுக்கு முந்திய அந்த வாசகமே உயர்ந்தது.

இன்றைய நிலைமை இந்தக் குறையைக் கூர்மையாக்கியுள்ளது. அயல்நாட்டு நண்பர்களின் உதவியால் எழுந்த இல்லங்கள் பல. அவ்வுதவி கட்டடத்தோடு முடிவதே வழக்கம். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-ல் செய்யப்பட்ட திருத்தமோ, அப்பணத்திலிருந்து நிர்வாகச் செலவுக்கு ஒதுக்கத்தக்க அளவை 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்துவிட்டது. காக்கும் பொறுப்பு நம்மிடமே வந்து சேர்ந்திருக்கிறது. வரவேண்டிய இடமும் இதுவே. ஆனால் நம் பங்குகளில் கோபுரத்திற்குக் குவியும் காணிக்கை சமையற்காரரின் ஊதியத்திற்குக் குவிவதில்லை. அப்போது இல்லம் என்ன செய்யும்? அறை வாடகையை உயர்த்தும். அரங்கத்தைக் கருத்தரங்குகளுக்கும் நிறுவனப் பயிற்சிகளுக்கும் விடும். வார இறுதியில் ஒலிபெருக்கி முழங்க, மௌனம் வாரநாள்களுக்கு ஒதுங்கும். பணியாளரின் கூலி உயராமல் நிற்கும். நிர்வாகம் செய்யும் துறவியரை இதற்காக நாம் குறைகூற மாட்டோம். மின்கட்டணச் சீட்டு செபத்தால் தீர்வதில்லை.

குருக்களும் துறவியரும் ஆண்டுதோறும் ஒடுக்கத்திற்குச் செல்லத் திருச்சபைச் சட்டமே வழிசெய்கிறது. அவர்களுக்குச் சபையோ மறைமாவட்டமோ செலவு செய்யும். தோல் பதனிடும் தொழிலாளிக்கும் நூற்பாலைப் பெண்ணுக்கும் சிறுமலையில் வாழைத்தார் சுமப்பவருக்கும் அத்தகைய சட்டமும் இல்லை, சபையும் இல்லை. மூன்று நாள் ஒடுக்கம் என்பது அவர்களுக்கு மூன்று நாள் கூலி இழப்பு. அதன்மேல் அறை வாடகை. பதினோராம் பத்திநாதர் 1929 திசம்பரில் வெளியிட்ட சுற்றுமடலில் தொழிலாளருக்கான தியானங்களைத் தனியே பாராட்டியது இங்கு நினைவுகூரத் தக்கது. அவர் போற்றிய அந்த மக்களே வாசலில் நின்றுவிடும் நிலை வருமாயின், பூச்சு உதிராத சுவர்களால் என்ன பயன்?

தங்குவோரே இல்லத்தைக் காக்கட்டும் என்ற ஒரு தீர்வு உண்டு. 1996-ல் இயேசு சபைத் துறவி ஏ. எம். ஏ. சாமி கொடைக்கானலை அடுத்த பெருமாள்மலையில் தொடங்கிய போதி ஜென்டோவில், ஜென் மரபுப்படி உடலுழைப்பும் நாளொழுங்கின் ஒரு கூறு. காய் நறுக்குவதும் தரை பெருக்குவதும் தியானத்திற்குப் புறம்பானவையல்ல. இது அழகிய முறை; நாற்காலியில் நாளைக் கழிப்போருக்கு நல்ல மருந்தும் ஆகும். ஆனால் ஆண்டு முழுவதும் பிறர் வீட்டைப் பெருக்கிவிட்டு மூன்று நாள் ஒடுங்க வரும் பெண்ணின் கையில் இங்கும் துடைப்பத்தைக் கொடுப்பது எவ்வாறு ஒடுக்கம் ஆகும்? அவளுக்கு அந்த மூன்று நாளும் வேறொருவர் சமைத்துப் போட வேண்டும். சமைப்பவருக்கு நியாயமான கூலி வேண்டும். அக்கூலி அவளிடமிருந்து வரக்கூடாது.

அதற்குச் சாவா மூவா ஆடுகளே வேண்டும். ஒரு பங்கு ஓர் அறையை ஏற்கலாம்: கட்டித்தர அன்று, ஆண்டில் முப்பது நாள் அவ்வறையில் ஒரு தொழிலாளி தங்கி உண்பதற்கான மூலநிதியாக. அன்பியங்கள் ஆளுக்கொரு கட்டிலை ஏற்கலாம். திருச்சபைச் சட்டத்தின் 1284-ஆம் விதி, சொத்துகளை நிர்வகிப்போர் நல்ல குடும்பத் தலைவனின் கருத்தோடு அவை அழியாமல் காக்க வேண்டும் என்கிறது. ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டம் வகுக்கவும் பரிந்துரைக்கிறது. அக்கணக்கைப் பங்கு மக்களுக்குமுன் படிக்கும் இல்லத்திற்கு மக்கள் கொடுப்பர் என்பதே நம் துணிபு.

மலர்க் குழுவினருக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த விழா மலரில் அடிக்கல் படத்திற்கு எதிர்ப்பக்கத்தை வெறுமையாக வையுங்கள். கிணறு தூர் வாரிய ஆண்டுகள், ஓடு மாற்றிய ஆண்டுகள், அடுக்களையில் பணிபுரிந்தோரின் பெயர்கள், அவர்கள் பெற்ற ஊதியம் ஆகியவற்றை அங்கே அச்சிடுங்கள். நன்றிக் கவிதைக்கு இடம் போதாதெனில் அதை விட்டுவிடலாம்.